ரப்பருக்குப் போடும் மருந்து

8.7.1985, திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. இவருடைய கைலி மூன்று, படுக்கை விரிப்பு ஒன்று துவைத்தேன். பஸ் தாமதம். வேலைக்கும் தாமதம். இடுப்பு வலி.

சாயங்காலம் புந்தோங் வந்து சேர்ந்தால் வீட்டு வாசலில் புஷ்பம் அக்கா. அடுத்த வரிசை வீடு, வைட்டமின் விற்கிறவர். மஞ்சள் மஞ்சளாக எண்ணெய் உருண்டை, வைட்டமின் ஈ. இரும்பு மாதிரி உடம்பும் உள்ளே துருப் பிடிக்கிறதாம், அதுதான் மூப்பாம், இது அதைத் தடுக்குமாம். "மூணு மாசம் குடு தங்கச்சி, அண்ணன் கை தன்னால தூக்கும் லா." பக்கவாதம் வந்து இவருக்கு வலது கை விழுந்ததிலிருந்து யார் எதைச் சொன்னாலும் கேட்கிறேன். வாங்கிவிட்டேன். ராத்திரியே ஒன்று கொடுத்தேன்.

வாங்க: கோப்பித் தூள், சவுக்காரம், இவருக்குச் சவர பிளேடு.

10.7, புதன்

ரப்பர் பேக்டரி லேபில் 'கிழட்டு அடுப்பு' திறந்தோம். ரப்பர்த் துண்டுகளைச் சூட்டில் வைத்துச் சீக்கிரமே கிழடாக்கிப் பார்க்கிற அடுப்பு. பேர் நாங்கள் வைத்தது. மூப்பைத் தடுக்கிற மருந்து கலந்த துண்டு இன்னும் வளைகிறது. கலக்காதது தொட்டதுமே வெடிப்பு.

லேபைப் பார்த்துக்கொள்ளும் மிஸ் லிம்மிடம் வைட்டமின் கதையைக் கேட்டேன். ஏறக்குறைய ஒரே சங்கதிதான் என்றார். காற்று ரப்பரை அரிக்க வரும்போது மருந்து முன்னால் போய் அடி வாங்கிக்கொள்ளுமாம். நானும் அப்படித்தானே என்று சிரிப்பு வந்தது. ஆனால் மனுஷனுக்கும் அப்படி வேலை செய்யுமா என்று இன்னும் நிச்சயமில்லையாம். வெடித்த ரப்பரில் கலந்தால்? வீண், புதுசிலேயே கலக்க வேண்டும் என்றார்.

ராத்திரி சோறு ஊட்டும்போது பேச வேறொன்றும் இல்லாமல் இதையெல்லாம் இவரிடம் சொல்லித் தொலைத்தேன். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் வயசெல்லாம் பால் மரம் சீவியவர். 'கிழட்டு அடுப்பு' என்றதும் லேசாகச் சிரித்தார். வெடித்ததில் கலந்தால் வீண் என்றதும் தட்டைத் தள்ளிவிட்டார். புத்தி கெட்டவள் நான்.

12.7, வெள்ளி

லீவு போட்டு ஆஸ்பத்திரி. மதியம் வரை பெஞ்சு. பக்கத்தில் ஒரு கிழவர் எல்லாரிடமும் மணி கேட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டர் வைட்டமின் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். இது கையைத் தூக்காது, பிரஷர் மாத்திரையை மட்டும் நிறுத்தாதே, கைக்குத் தினமும் பயிற்சி கொடு என்றார். டாக்டருக்கென்ன, அவரா குளிப்பாட்டுகிறார்? தலையாட்டிவிட்டு வந்தேன்.

ராத்திரி வழக்கம்போல மாத்திரையோடு உருண்டையும் கொடுத்தேன். வாயைத் திறந்து சமர்த்தாக வாங்கிக்கொண்டார். எட்டிப் பார்த்த பு. அக்கா, அண்ணன் முகத்தில் தெளிச்சி தெரிகிறது என்றார். எனக்கும் தெரிகிற மாதிரிதான் இருந்தது. ஆசை யாரை விட்டது.

14.7, ஞாயிறு

மழை, ஒருவழியாக. துணி காயவில்லை.

தலையணை உறையைக் கழற்றினால் உள்ளே ஒரு கைக்குட்டை முடிச்சு. அவிழ்த்தால் நாலு மஞ்சள் உருண்டைகள், ஒன்றோடொன்று ஒட்டிப்போய். புதன் ராத்திரியிலிருந்து ஒன்றைக்கூட விழுங்கவில்லை மனுஷன். கன்னத்தில் ஒதுக்கிவைத்து, நான் திரும்பியதும் துப்பியிருக்கிறார்.

கத்திவிட்டேன். யாருக்காக இந்த ஓட்டம் ஓடுகிறேன், நான் என்ன இரும்பா, எல்லாம் கேட்டேன். செத்தால்தான் நிம்மதி என்றும் வாயில் வந்துவிட்டது. யார் செத்தால் என்று சொல்லவில்லை.

நான் ஓய்ந்ததும் பாட்டிலை நல்ல கையால் எடுத்து நீட்டினார். ஒரு கையால் மூடி வராது, திறந்து கொடுத்தேன். ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"நீதான புள்ள சொன்ன, வெடிச்சதுக்குப் போட்டா வீணுன்னு. எனக்கு எதுக்கு? நீ இன்னும் வெடிக்கல. நீ சாப்புடு."

நானும் வெடித்து நாளாகிவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. விழுங்கிவிட்டேன்.