இரண்டு ஹெல்மெட்டும் ஒரு காதும்

உன் ஹெல்மெட்டை வெயிலில் வைக்கலாம் என்று இன்று காலை வெளியே எடுத்தேன். மாஹே வரை போய்த் திரும்பியதில் சாரலில் நனைந்து உள்மெத்தை ஊறிப்போயிருந்தது. மூக்கருகே கொண்டுபோனபோது ஈரவாடைக்கு அடியிலிருந்து யூடிகொலோன் மணம் வந்தது. காதுக்குப் பின்னால் இரண்டு சொட்டு தடவாமல் நீ தெருவில் இறங்கியதில்லை. கேட்காத இடது காதுக்கும் சேர்த்துத்தான் தடவுவாய். வெயிலில் வைத்தால் அந்த மணம் போய்விடுமே என்று தோன்றியது. திரும்ப உள்ளே கொண்டுவந்து மின்விசிறிக்குக் கீழே வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். மாஹேயில் கேட்டதை எழுதிக் காட்டச் சொல்லியிருந்தாய். தாமதமாகத்தான் எழுதுகிறேன். என் தாமதங்கள் உனக்குப் புதிதில்லை.

பிரெஞ்சு ராணுவத்திலிருந்து பென்ஷனோடு நீ புதுச்சேரிக்கு, கருவடிக்குப்பத்துக்குத் திரும்பி வந்தபோது தெருவே உன்னைச் 'சொல்தா' என்றது. அங்கே சிப்பாயாக இருந்து வந்த எல்லோருக்கும் நம் ஊரில் அதுதான் பெயர். எனக்கு நீ அப்போதும் என் பெஞ்சில் உட்கார்ந்து என் விடையைப் பார்த்து எழுதியவன்தான். நான் அறிவியல் வாத்தியாராகி, நெல்லித்தோப்பை விட்டு நகராமல் ஓய்வும் பெற்றிருந்தேன். நீ பீரங்கிப் பயிற்சியில் இடது காதை விட்டுவிட்டு, மனைவியை இங்கே அடக்கம் செய்துவிட்டு, மகனை பாரீசுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருந்தாய். வந்ததும் பெரிய பைக் ஒன்று வாங்கினாய். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டிப் பழகிய கை, முதல் நாளே எதிரே வந்த பஸ்ஸுக்கு நேராகப் போய் நின்றது. அன்று சாயங்காலமே சாவியை என் மேசையில் வைத்தாய்.

"நீ ஓட்டுடா வாத்தி. நான் பின்னாடி உக்காந்து வழி சொல்றேன்."

அப்படித்தான் நாம் சுற்ற ஆரம்பித்தோம். நீ எல்லாவற்றையும் தமிழில் பேசுவாய், வழியைத் தவிர. வண்டி ஓட்டக் கற்றது அந்த ஊரில் என்பதால் வழி மட்டும் உன் வாயில் பிரெஞ்சில்தான் வரும். இடப்பக்கம் என்றால் 'அ கோஷ்'. வலப்பக்கம் என்றால் 'அ துருவாத்'. நேராகப் போ என்றால் 'தூ துருவா'. கடைசி இரண்டையும் காற்றில் கேட்டுப் பிரித்தறிவது பரீட்சையை விடக் கடினம். தோளைத் தட்டுவாய், நான் நிறுத்துவேன், நீ காதருகே வந்து கத்துவாய். நான் பதில் சொன்னால் உனக்குக் கேட்காது. காதுக்கருவியோ ஹெல்மெட்டுக்குள் போனதும் கீச்சென்று கத்தும். அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வாய்.

ஒரு சித்திரையில்தான் மாஹே பேச்சு வந்தது. வலது காதும் குறைந்துகொண்டே வருகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மலையாளக் கரையில் உன் மனைவி பிறந்து வளர்ந்த ஊர் அது. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு அலுவலகக் குமாஸ்தா வேலைக்கு அங்கே போன குடும்பம். அவளுடைய அண்ணன் மட்டும் இன்னும் அங்கே இருந்தார். போனில் அவர் பேசுவது உனக்குக் கேட்பதில்லை.

"அவள சின்னப் புள்ளயா பாத்தவரு இப்ப மச்சான் ஒருத்தருதான். எங்கிட்ட அவ அந்தக் கதையெல்லாம் சொன்னதே இல்ல. கேட்டா சிரிப்பா. காது இருக்கறப்பவே அவரு வாயால கேட்டுட்டு வந்துடணும்."

"போலாம்" என்றேன்.

"மூணு நாளு உன் முதுவயே பாத்துக்கிட்டு ஊமையா வரமாட்டேன். பசங்கல்லாம் ஹெல்மெட்டுல ஒரு செட்டு மாட்டிக்கிட்டு பேசிக்கிட்டே போறானுங்களே, அத வாங்கு."

நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். நீ சிரித்த சிரிப்பு நினைவிருக்கிறது. திருத்தாமல் எந்தத் தாளுக்கும் நான் மார்க் போட்டதில்லை. ஐந்து இண்டர்காம் செட்டுகளுக்கு ஐந்து பத்தி. பேட்டரி எவ்வளவு நேரம் வரும், மழை தாங்குமா, உன் தடித்த விரலுக்குக் கையுறையோடு பொத்தான் அகப்படுமா, உன்னுடையது முகம் திறந்த ஹெல்மெட் என்பதால் வாய்வரை நீளும் மைக் உண்டா. பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டு எழுதினேன். கூட்டமாகப் போகிறவர்களுக்கான விலையுயர்ந்த வகை நமக்கு வேண்டாம், முன்னால் ஒருவனும் பின்னால் ஒருவனும் பேசிக்கொள்ளும் ப்ளூடூத் ஜோடி போதும் என்று முதல் பக்கத்திலேயே முடிவாகிவிட்டது. மீதி முப்பத்தொன்பது பக்கத்தையும் எதற்கு நிரப்பினேன் என்று இப்போது தெரியவில்லை.

கடைக்காரர் ஒரு செட்டை எடுத்து, "சார், இது ஒரு கிலோமீட்டர் வரைக்கும் கேக்கும்" என்றார்.

"தம்பி, நான் இவன் முதுவுல ஒட்டிக்கிட்டு வர்றவன்" என்றாய் நீ. "எனக்கு அரையடி போதும். அரையடிக்கு ஒழுங்கா கேக்குமா, அத சொல்லு."

ஆனி மாதத்தில் என் பழைய மாணவர் ஒருவர் தன் செட்டை இரண்டு நாள் இரவல் கொடுத்தார். அரியாங்குப்பம் பாலம் தாண்டிச் சோதித்துப் பார்த்தோம். அந்தச் சாலை எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். ஆனாலும் சோதனை என்றால் சோதனை, நீ சொல்கிறபடிதான் ஓட்டுவேன் என்று சொல்லியிருந்தேன். ஒரு பிரிவு வந்தது. 'துருவா' என்று காதில் விழுந்தது. வலப்பக்கம் திருப்பினேன். சந்து குறுகி, வாழைமரம் கட்டிய பந்தலுக்குள் நம் முன்சக்கரம் போய் நின்றது.

வேட்டி கட்டிய ஒருவர் சந்தனக் கிண்ணத்தோடு ஓடி வந்தார். "வாங்க, வாங்க. பொண்ணு வூடா, மாப்ள வூடா?"

"வழி தப்புன வூடு" என்றாய்.

அவர் விடவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். நீ எனக்கு முன்பே ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டாய். இலைக்கு முன்னால் உட்கார்ந்து, "நான் நேரா போன்னுதானடா சொன்னேன்" என்றாய். "நேராப் போடான்னா நேரா பந்திக்கே இட்டாந்துட்டியே" என்று பாயசத்தை உறிஞ்சினாய்.

தப்பு என்னுடையதல்ல, உன்னுடையதுமல்ல என்று அப்புறம் கண்டுபிடித்தேன். அந்த செட்டில் மைக் எப்போதும் திறந்திருக்காது. பேச ஆரம்பித்தால்தான் திறக்கும். தூங்கும் மாணவனிடம் கேள்வி கேட்பது போலத்தான். முதல் சொல்லில் விழிப்பான், இரண்டாம் சொல்லிலிருந்துதான் கேட்பான். உன் 'தூ துருவா'வில் 'தூ'வை அது விழுங்கிவிட்டது. மிச்சம் வந்த 'துருவா' எனக்குத் 'துருவாத்' ஆகிவிட்டது. வேறு ஊர்க்காரர்களுக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. 'ஸ்ட்ரெய்ட்டு' என்பதில் தலை போனாலும் வால் புரியும். நம் இருவருக்கு மட்டும் அது நேர்ச்சாலையை வலச்சாலை ஆக்கிவிடும். மைக் எப்போதும் திறந்தே இருக்கும் செட்டுதான் வேண்டும் என்று நோட்டில் சிவப்பு மையால் எழுதினேன்.

அன்றே வாங்கியிருக்கலாம். அப்படிப்பட்டவை இரண்டு இருந்தன. எதில் பேட்டரி கூடுதல் நாள் உழைக்கும் என்று பார்க்க வேண்டும் என்றேன். ஆடி போயிற்று. ஆவணி போயிற்று.

"இன்னும் எத்தினி மார்க்குடா போடப்போற?" என்று ஒருநாள் கேட்டாய். சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். பிறகு உன் வலது காது மடலைப் பிடித்துக் காட்டி, "காது காத்திருக்காதுடா வாத்தி" என்றாய்.

நான் அதை வார்த்தை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

செட்டு வந்தபோது ஐப்பசி. மழை பிடித்துக்கொண்டது. உன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஸ்பீக்கரை ஹெல்மெட்டுக்குள் உன் காதுக்குழிக்கு நேராக ஒட்டினேன். அரை அங்குலம் தள்ளிப்போனால் பாதிச் சத்தம் போய்விடும். நான் என் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "கேக்குதா?" என்றேன். உன் முகம் மாறியது.

"இன்னொரு தரம் சொல்லு."

"கேக்குதா?"

"மொல்லமாவே பேசு. நீ கத்தாம பேசி நான் கேட்டு எத்தினி வருசம் ஆவுது."

அந்த மழைமாதம் முழுவதும் நாம் வீட்டுக்குள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டுதான் பேசினோம். நாற்பது வருடங்களில் பேசாததையெல்லாம் பேசினோம். ஒருநாள் என் மனைவி வடை எடுத்துக்கொண்டு வந்தவள், மேசைக்கு இரண்டு பக்கமும் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்த நம்மைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ரெண்டு பேரும் எந்த ஊருக்கு கெளம்பிட்டீங்க?"

"மாஹேக்குத்தாம்மா" என்றாய். "வழியில மழ. ஒதுங்கியிருக்கோம்."

அன்றுதான் உனக்கு அந்த யோசனை வந்தது. மாஹே போய்ச் சேர்ந்ததும் என் ஹெல்மெட்டை மச்சான் தலையில் மாட்டிவிட வேண்டும். உன்னுடையது உன் தலையில். அவர் பேசப் பேச உனக்கு அரையடியில் கேட்கும். நீ அதைச் சொன்னபோது வடையைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமலே இருந்தாய். "அவருக்கு எம்பது தாண்டியாச்சி. வாய் ஓயாது. ரெண்டு நாளு கேக்கலாம்."

தையில் காரைக்கால் வரை ஒத்திகை போய் வந்தோம். சிதம்பரம் தாண்டி வயல்களுக்கு நடுவே ஒரு பிரிவும் இல்லாத சாலையில் நீ சும்மாவே 'தூ துருவா, தூ துருவா' என்று சொல்லிக்கொண்டு வந்தாய். ஒரு எழுத்துக்கூட விழுங்கப்படவில்லை. திரும்பி வந்து வண்டியை நிறுத்தியதும், "அடுத்த வாரம் மாஹே" என்றாய்.

நான் நோட்டை எடுத்தேன். எங்கே தங்குவது, சேலத்திலா ஈரோட்டிலா. மலையில் ஏறும்போது பின்சக்கரம் தாங்குமா, டயரை மாற்றிவிடலாமா. நான் வகுப்பில் நிதானமானவன் என்று பெயர் வாங்கியவன். அந்த நல்ல பெயரை வைத்துக்கொண்டு உன் நாட்களைச் செலவழித்தேன்.

மாசியில் ஒருநாள் காலையில் வந்து என் கதவைத் தட்டினாய். நான் பேசினேன். நீ என் வாயையே பார்த்தாய். உள்ளே போய் ஹெல்மெட்டுகளை எடுத்து வந்தேன். முழுச் சத்தத்தில் வைத்துப் பேசினேன். ஒரே இரவில் அந்தக் காதும் அடைந்துவிட்டது. டாக்டர் ஊசி போட்டார், மாத்திரை கொடுத்தார். திறக்கவில்லை.

உன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து நீ சொன்னாய். உன் குரல் உனக்கே கேட்காததால் தெருவுக்கே கேட்கச் சொன்னாய். "நம்ம சாரு கண்ணாடி ஜாடிக்குள்ள மணிய வச்சி காத்த எடுத்து காட்டுனாரே, ஞாபகம் இருக்கா? மணி ஆடும், சத்தம் வராது. நீங்கல்லாம் இப்ப அந்த ஜாடிக்குள்ள இருக்கீங்கடா."

முப்பது வருடம் நானும் அந்த மணியை ஆட்டிக் காட்டியிருக்கிறேன். அந்த ஜாடியை வெளியே நின்று பார்க்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு தரமும் நினைத்ததில்லை.

நான் அழுததைப் பார்த்துவிட்டாய். என் சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவி என் கையில் வைத்து, "நீ போய் கேட்டுட்டு வா. வந்து எழுதி காட்டு. கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றாய். போகிறேன் என்று எழுதிக் காட்டினேன். வெயில் தணியட்டும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். சித்திரை முடிவதற்குள் நெஞ்சுவலி வந்து நீ போய்விட்டாய். உன் மகன் வந்து எல்லாம் முடித்துவிட்டுக் கிளம்பும்போது வண்டிச் சாவியையும் உன் ஹெல்மெட்டையும் என்னிடம் கொடுத்தான்.

இந்த ஆவணியில் போனேன். நோட்டு எடுத்துக்கொள்ளவில்லை. உன் ஹெல்மெட்டைப் பின்இருக்கையில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் மாஹேயில் உன் மச்சான் வாசலில் நின்றார். கட்டியிருந்த ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டு எதற்கு என்றார். நாம் போட்டிருந்த திட்டத்தைச் சொன்னேன். கயிற்று முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அத அவுருங்க சார். எனக்கு மாட்டி வுடுங்க. அவரு ஏற்பாடு பண்ணபடியே சொல்றேன்" என்றார். உன்னுடையது அவருக்குப் பெரிதாக இருந்தது. நான் என்னுடையதை மாட்டிக்கொண்டேன். அவர் என் எதிரேதான் உட்கார்ந்திருந்தார். ஆனால் அவர் குரல் உனக்கு வர இருந்த வழியாகவே எனக்கு வந்தது.

நிறையச் சொன்னார். முதலில் சொன்னதை முதலில் எழுதுகிறேன். அவளுக்கு அப்போது ஐந்து வயது. அப்பா அவளை முதல்முறையாகத் தனியே ரொட்டிக்கடைக்கு அனுப்பினார். எப்படிப் போகவேண்டும் என்று கேட்டாளாம். 'தூ துருவா' என்றாராம். தெரு பாதியில் வளைகிறது. அவள் வளையவில்லை. எதிரே இருந்த வீட்டின் முன்வாசலில் நுழைந்து, கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி, சமையல்கட்டு வழியாகக் கொல்லைப்பக்கம் இறங்கி, வேலியில் பாவாடையைக் கிழித்துக்கொண்டு நேராக ரொட்டிக்கடைக்குப் போய் நின்றாளாம். திரும்பியும் அதே வழியில் வந்தாளாம், ரொட்டியோடு. அந்த வீட்டுக்காரர்கள் அவளுக்குக் கல்யாணமாகும்வரை அந்தக் கொல்லைக்கதவைத் தாழ்போடவில்லையாம்.

நீ இதைக் கேட்டிருந்தால் அரியாங்குப்பத்துப் பந்தலைச் சொல்லி என் முதுகில் அடித்திருப்பாய். அந்த அடிக்காக என் முதுகு ஒரு கணம் காத்திருந்தது.

வீடு திரும்பும் மூன்று நாளும் இரண்டு செட்டையும் சார்ஜ் போட்டு, இரண்டையும் திறந்தே வைத்திருந்தேன். ஊருக்கு ஊர் எதிரே சாலை பிரிகிறது. எனக்கு வழி தெரியும். ஆனாலும் ஒவ்வொரு பிரிவுக்கு முன்னாலும் கை தானாகவே வேகத்தைக் குறைத்துவிடுகிறது. இப்போது நெல்லித்தோப்பில் காய்கறி வாங்கப் போனாலும் அப்படித்தான். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். ஒரு சொல்லின் நேரம் நின்றுவிட்டு, நேராகப் போகிறேன்.