படத்துக்குக் கீழே இரண்டு வரி

முதலில் என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. வலக்கையில் இரண்டு விரல்களை பொம்மசந்திரா கம்பெனியின் பிரஸ் மெஷின் தின்றது உனக்குத் தெரியும். இடக்கையால் எழுதுகிறேன். எழுத்தெல்லாம் கோட்டை விட்டு இறங்கி ஓடுகிறது. இருந்தாலும் இவ்வளவும் நானே எழுதியது. அறுபத்தெட்டு வயதில் எழுதப் படிக்க வந்துவிட்டதடி எனக்கு! ஒக்கலிபுரத்தில் இப்போது ஒரு சுவரையும் விடுவதில்லை. மூலவைத்தியர் விளம்பரத்தைக்கூட நின்று படிக்கிறேன்.

போன வாரம் மாலை வகுப்பு டீச்சர், "வீட்ல இருக்கிறது ஏதாவது கொண்டாந்து படிங்க தாத்தா" என்றாள். சுவரிலிருந்து உன் படத்தைக் கழற்றினேன். உன் சினிமா ஹீரோ உன் தோளில் கை வைத்துத் தையல் மெஷின் கொடுக்கும், பேப்பரில் வந்த அந்தப் படம்தான். கண்ணாடியில் நீ சமைத்த எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் இருந்தது.

வகுப்பில் எழுந்து நின்று, விரல் வைத்துச் சத்தமாகப் படித்தேன். "கணவரை... இழந்து... தவிக்கும்... ஏழைப் பெண்ணுக்கு..." தப்பில்லாமல் முடித்த சந்தோஷத்தில் எல்லாரையும் பார்த்துச் சிரித்தேன். பின்வரிசைப் பூக்காரம்மா கேட்டாள்: "யோவ், அது உன் பொண்டாட்டின்னா அப்போ நீ யாரு?" கூரை இடியச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு நடக்கும்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது.

என் விரல் போன பிறகு, உள்பாவாடை தைத்தாவது பிழைக்கலாம் என்று மெஷினுக்கு ஏங்கினாய். ஏழைப் பெண்களுக்குக் கொடுக்கிறார்கள் என்றுதான் என்னிடம் சொன்னாய். அந்த விழாவில் மேடை ஏறுமுன் தாலியைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டாய். "கூட்டத்துல எவனாச்சும் அறுத்துக்கினு பூடுவான்யா." வெறும் மஞ்சள் கயிற்றை எவன் அறுப்பான் என்று கேட்க எனக்கு அறிவில்லை. பொட்டு வேர்வையில் அழிந்தது என்றாய். மேடைக்குப் பின்னால் ஆளுயர எழுத்துகள். விதவைகளுக்கு என்றுதான் இருந்திருக்கும். நான் நடிகர் பெயர் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் தோளைத் தொட்டதும் நீ பல்லெல்லாம் தெரியச் சிரித்தாய். போட்டோக்காரன் கத்தினான்: "இன்னாம்மா பல்லைக் காட்டுற? கஷ்டத்தை நெனச்சிக்கோ, அழு!" நடிகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உனக்கு அழுகை வரவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடினாய். நான் எட்டு விரலாலும் கை தட்டிக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்ததும் உன் கண்ணில் தண்ணீர் கொட்டியது. போட்டோக்காரன் படத்தை எடுத்துவிட்டான். ஹீரோ தொட்ட பூரிப்பு என்று பக்கத்தில் இருந்தவனிடம் பெருமை பேசினேன்.

மேடையில் இருந்ததே ஒரு மெஷின். வரிசையில் நின்ற எல்லாருக்கும் அதையே கொடுத்துப் படம் எடுத்தார்கள். "ஆபீஸ்ல வந்து வாங்கிக்குங்க" என்றார்கள். ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்த அந்த ஆபீசுக்கு நாலு தடவை நடந்தாய். கடைசித் தடவை செருப்பை உதறிவிட்டுச் சொன்னாய்: "நீ செத்த சர்டிபிகேட் கொண்டாந்தாதான் மெஷினாம்."

சண்டைப் பேச்சு என்று நினைத்து, "செத்துக் காட்டட்டுமா?" என்றேன்.

"இருந்து இன்னா கிழிச்ச?" என்றாய். பிறகு எத்தனை வருஷம் அதையே சொல்லித் திட்டினாய்! வெறும் வசவு என்றே கேட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

பேப்பரில் வந்ததைச் சட்டம் போட்டது நான். நீ வேண்டாம் என்றாய். கண்ணாடிக் கடைக்காரர், "இவங்க உனக்கு இன்னா வேணும்?" என்றார். "என் சம்சாரம்" என்றேன். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். அதன் பிறகு எத்தனை பேர் வீட்டுக்கு வந்து, அதைப் படித்துவிட்டு, பிணத்தின் கையால் காபி வாங்கிக் குடித்திருப்பார்கள்! உனக்கும் எழுத்து தெரியாது. ஆனால் என்ன எழுதியிருக்கும் என்று தெரியும். கடைசிவரை அதற்கு முதுகு காட்டியே சமைத்தாய்.

கடைசியில் நீ முந்திக்கொண்டாய். உன் இறப்புச் சான்றிதழையும் நேற்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். கணவர் என்ற இடத்தில் என் பெயர் சுத்தமாக இருக்கிறது. அதைக் காட்டினால் யாரும் மெஷின் தரமாட்டார்கள்.

அன்று கூட்டம் கலைந்ததும் பந்தல் ஓரத்தில் குனிந்து, "சீக்கிரம் தாலியக் கட்டுய்யா" என்றாய். இந்தக் கையை வைத்துக்கொண்டு முடிச்சுப் போட வெகு நேரம் ஆனது. "இன்னாடி, ரெண்டாம் கல்யாணமா?" என்றேன். நீ சிரிக்கவில்லை. உன் பிடரி நடுங்கியது மிச்சமிருக்கும் விரல்களில் இன்னும் இருக்கிறது.

படத்தை அதே ஆணியில் மாட்டிவிட்டேன். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சாகடித்தாயே, அந்தச் சண்டை பாக்கி. இன்று கை வலிக்கிறது. அடுத்த வாரம் வைத்துக்கொள்வோம்.