முன்னறைக்கு வந்த விறகு

நவம்பர் 16
விறகு முழுவதும் முன்னறைக்குள் வந்துவிட்டது. நான்கு நாள் வேலை. முனைகள் எல்லாம் ஒரே கோட்டில், அடுப்புக்குக் கைக்கெட்டும் தூரத்தில். சப்போரோ நகரத்தில் இருக்கும் மகள் மிஹோவின் நிபந்தனை இது: பனிக்காலத்தில் ஒருமுறை நான் விறகுக் கொட்டகைக்கு இறங்கினாலும், அவளுடைய ஏழாவது மாடிக்குக் குடிபோக வேண்டும். போன வருடம் வழுக்கி விழுந்தது ஒரே ஒரு தடவை. அதற்கு இவ்வளவு! சரி, இனி இறங்கவே வேண்டாம். ஏப்ரல் வரை நான் ராணி.

நவம்பர் 20
மேசை விரிப்பில் ஒரு நாற்றப் பூச்சி. வெளியே விட்டேன்.

நவம்பர் 21
பதினொன்று.

நவம்பர் 23
எண்ணுவதை விட்டுவிட்டேன். ஜன்னல் முழுக்கப் பொறிவண்டுகள். மிசோ சூப்பில் ஒரு நாற்றப் பூச்சி. சூப்பை மட்டுமல்ல, பசியையும் கொட்டிவிட்டேன். விறகு தந்தது ஆப்பிள் தோட்டத்து நோபுவே. பூச்சி பிடித்த மரத்தை என் தலையில் கட்டியிருக்கிறாள். கடிதம் எழுதிப் போட்டேன் — பள்ளியில் கன்னியாஸ்திரீகள் சொல்லித் தந்தபடி, மரியாதை குறையாமல். மூன்று பக்கம்.

நவம்பர் 25
காலையில் திரைச்சீலையில் ஒரு ராணிக் குளவி, அரைத் தூக்கத்தில் நடந்துகொண்டிருந்தது. கண்ணாடிக் குவளையால் மூடிப் பிடித்தேன். அந்நேரம் பார்த்து நோபுவே, கையில் என் கடிதத்தோடு. விறகு அடுக்கைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“குளிருக்குப் பட்டைக்குள்ள தூங்குனதுங்கக்கா. அடுப்புப் பக்கத்துல வச்சு நீங்கதான் எழுப்பி விட்டிருக்கீங்க. உங்க வீட்டுக்காரரு தினம் ஒரு கூடைதானே கொண்டாருவாரு? ஏன்னு நெனச்சீங்க?”

சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். நாற்பத்தோரு வருடம் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். மனுஷன் போய்ச் சேருவதற்குள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான்தான் கேட்டேனா?

குளவியைக் குவளையோடு கொட்டகையில் கொண்டு விட்டாள் நோபுவே.

நவம்பர் 26
விறகு வெளியே போக வேண்டும். போனால், தினமும் உள்ளே கொண்டுவருவது யார்? நான் இறங்கினால் ஏழாவது மாடி. இறங்கிவிட்டு மிஹோவிடம் பொய் சொல்ல எனக்கு வராது. மிச்சம் இருப்பது நோபுவேயிடம் கேட்பது. அந்த மூன்று பக்கத்துக்குப் பிறகு.

நவம்பர் 27
தொலைபேசியில் கூப்பிட்டேன். வானிலை பற்றிப் பேசினேன். முட்டைக்கோஸ் விலை பற்றிப் பேசினேன். கடைசியில், “நான் எழுதுனது தப்பு,” என்றேன்.

 “சரி, கூடை எங்க இருக்கு?” என்றாள்.

நவம்பர் 28
விறகெல்லாம் கொட்டகைக்குத் திரும்பியது. நோபுவே கோணல்மாணலாக அடுக்கினாள். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வாயை மூடியிருந்தேன். பெரிய தபசு.

நவம்பர் 30
மிஹோ தொலைபேசியில் விசாரணை நடத்தினாள். கொட்டகைப் பக்கம் ஓர் அடிகூட வைக்கவில்லை என்றேன். உண்மை.

ஜனவரி 22
காலை ஏழு மணிக்கு நோபுவேயின் கூடை வரவில்லை. ஏழேகாலுக்கும் இல்லை. ஜன்னல் பனியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். ஏழரைக்கு வந்தது. அதற்குள் அவளுக்கு வைத்த தேநீரை இரண்டு முறை சூடாக்கியிருந்தேன், ஒரே கசப்பு. நோபுவே முகம் சுளிக்காமல் குடித்தாள். நேரத்தைப் பற்றி நானும் எதுவும் சொல்லவில்லை.