பெல்ட்டின் இரண்டாவது ஓட்டை

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்றும் பாட்டின் நடுவில் கிட்டார் சத்தம் போய்விட்டது. கரண்ட் இருந்தது, ஆம்ப் இருந்தது, வயர் இருந்தது, நான் இருந்தேன். சத்தம் மட்டும் இல்லை. குனிந்து பார்த்தால் என் சுண்டுவிரல் வால்யூம் திருகின்மேல் ஏறி உட்கார்ந்து அதைப் பூஜ்யத்துக்குத் திருப்பியிருக்கிறது. கணக்குப் பரீட்சையில் வாங்கியது போதாதாம்.

சஜி சேட்டன் டிரம்ஸ் குச்சியைக் கீழே வைத்தான். இந்தக் குழுவுக்கு அவன்தான் தலை. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காதே.

"முப்பீ, நிண்டெ கை எந்தினாடீ அவிடெ கிடக்குந்நெ? பிரிட்ஜிண்டெ மேலே வெய்க்கு!"

கம்பிகள் உட்காரும் பிரிட்ஜ்மேல் கையை வை என்று சொல்வது சுலபம். தோப்பும்படிப் பாலத்தில் லாரியே நிற்கிறது, என் கை இந்தப் பாலத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. காரணம் அவனிடம் சொல்லவில்லை. இங்கே எழுதலாம், தமிழ் அவனுக்கு வாசிக்க வராது.

கிட்டார் வீரபாண்டி அண்ணனுடையது. இந்த ஊர் மலையாளிகள் மற்றத் தமிழர்களைப் 'பாண்டி' என்றால் அது திட்டு, அண்ணனைச் சொன்னால் வெறும் பெயர். அதனால் அவனை யாராலும் திட்டவே முடிந்ததில்லை. தோஹாவுக்கு ஏசி மெக்கானிக்காகப் போய் ஒரு வருஷம் இரண்டு மாதம். கிட்டாரில் ஒரு பெரிய ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தான். அவன் போன பிறகு வந்த மழைக்காலத்தில் அது ஈரத்தில் உரிந்து விழுந்தது. அடியில், வால்யூம் திருகுக்குப் பக்கத்தில், சிவப்புப் பெயிண்ட் மங்கி வழவழவென்று ஓர் இடம். பாதி உள்ளங்கை அளவு. அவன் கை பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம். எத்தனை வருஷம் வாசித்திருக்கிறான்!

என் கையையும் அங்கேதான் வைக்கிறேன். பெல்ட்டும் அவன் மாட்டிய இரண்டாவது ஓட்டையிலேயே இருக்கிறது. அவன் ஆறடி, நான் ஐந்தே கால். கிட்டார் என் முட்டியைப் பார்த்துப் பேசுகிறது.

ஏப்ரல் கடைசியில் அம்மன் கோவில் கொடைத் திருவிழா. அன்றைக்குத் தானே வந்து வாசிப்பதாக அண்ணன் சொல்லியிருக்கிறான். அதுவரை அவன் இடம் காலியாகக் கூடாது. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அந்தத் துண்டு நான். ஆனால் துண்டு சரியில்லை என்றால் இடப்பள்ளியிலிருந்து ஒருத்தனைக் கூட்டி வருவேன் என்கிறான் சஜி சேட்டன். ஏப்ரல் பாதிவரை டைம்.

பிப்ரவரி 12

மணிக்கட்டு வலி. "எழுதி எழுதி வலிக்கும்மா" என்றேன். அம்மா என் ஃபிசிக்ஸ் நோட்டைத் திறந்து பார்த்தாள். அதற்குப் பிறகு நடந்ததை எழுதினால் இன்னும் வலிக்கும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கையை எப்படியெல்லாம் வைக்கலாம் என்று இன்று ஆராய்ச்சி. சுண்டுவிரலைப் பலகையில் ஊன்றினால் பல்லி. எதையும் தொடாமல் காற்றில் வைத்தால் பருந்து. பருந்து அழகாக இருக்கிறது, ஆனால் மூன்றாவது கம்பியைக் குறிவைத்து ஐந்தாவதைத் தூக்கிக்கொண்டு போகிறது. முழு உள்ளங்கையையும் பிரிட்ஜில் சாத்தினால் யானை. எல்லாக் கம்பியும் செத்துப் போய் 'டொக் டொக்' என்கிறது.

பத்து நிமிஷத்தில் கை தானாக அந்த மங்கிய இடத்துக்கே திரும்பிவிட்டது. அங்கேயிருந்து மேல் கம்பிக்கு எட்ட மணிக்கட்டைக் கோழிக் கழுத்து மாதிரி முறிக்க வேண்டும். தெரிகிறது. வலிக்கிறது. பிறகு ஏன்?

சின்ன வயசில் பஜார் ரோட்டைக் கடக்கும்போது அண்ணன் என் கையைப் பிடிக்கமாட்டான், மணிக்கட்டைத்தான் பிடிப்பான். கையைப் பிடித்தால் நழுவி ஓடிவிடுவேனாம். இறுக்கிப் பிடிப்பான். அப்போதும் வலிக்கும்.

மார்ச் 14, வெள்ளி

அண்ணனுக்கு வெள்ளி லீவு. கூப்பிடும் நாள். கூப்பிடவில்லை. இது மூன்றாவது வெள்ளி.

அப்பாவின் தேப்புக் கடையில், இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில், சும்மா உட்கார்ந்திருந்தேன். லாட்ஜ் விரிப்புகளை மடித்துக்கொண்டே அப்பா என் கையிலிருந்த போனை ஒருதரம் பார்த்தார். கடையில் தன்னோடு நிற்காமல் போய்விட்டான் என்று ஏர்போர்ட்டிலிருந்து திரும்பிய அன்றே அண்ணன் பெயரை எடுப்பதை நிறுத்தியவர். அவசியம் வந்தால் 'ஃபாரின்காரன்'.

"ஃபாரின்காரன் பிஸியோ?" என்றாள் அம்மா, அப்பாவுக்குக் கேட்கும்படி.

அப்பா பெட்டிக்குச் சிரட்டைக் கரி போட்டார். ஏற்கெனவே நிறைய இருந்தது.

மார்ச் 22, சனி

நான் செய்தது தப்பு. ஆனால் வேலை செய்தது.

கிட்டார் உறையை மட்டும் எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போய்த் தண்ணீரில் முக்கி, சொட்டச் சொட்ட போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். கீழே ஒரு வரி: "அண்ணே, தவறி விழுந்துட்டு. மன்னிச்சிரு."

நாலு வாரம் கூப்பிடாதவன் நாலு நிமிஷத்தில் கூப்பிட்டான்.

"ஏட்டி! ஆம்பையும் சேத்தா போட்ட? உனக்கு அடி கிடி பட்டுச்சா?"

"அண்ணே, உறை மட்டும்தான் நனைஞ்சுது. கிட்டார் வீட்ல காலாட்டிக்கிட்டு இருக்கு."

பின்னால் மிஷின் இரைச்சல். அதையும் மீறி அவன் திட்டிய திட்டில் பாதி இந்தி, கால் மலையாளம், எனக்குப் புரிந்தது எல்லாமே. அத்தனை நாள் கழித்து அவன் குரல். இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்றிருந்தது.

"ஸ்டிக்கர் நனைஞ்சு உரிஞ்சிரலையே?" என்றான் திடீரென்று.

"அது போன வருஷமே போச்சு."

"ஐயோ. அப்பா பாத்தாரா?"

"எதை?"

அப்புறம்தான் சொன்னான். முதல் மேடை அன்றைக்கு நேரமாகிவிட்டதாம். கறுப்புச் சட்டையில் காலர் சுருங்கியிருந்ததாம். நாங்கள் வாசித்துப் பழகுகிற குடோன் மாடியில் மேஜை இல்லை. கிட்டாரைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, ஒரு துண்டு விரித்து, அதன்மேல் சட்டையைப் போட்டு, வீட்டுச் சின்னப் பெட்டியால் காலரைத் தேய்த்திருக்கிறான்! யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பிய நேரத்தில் பெட்டி துண்டைத் தாண்டிக் கிட்டார்மேல் அப்படியே நின்றிருக்கிறது. காலர் தப்பித்தது. பெயிண்ட் வெந்தது. அன்றைக்கே ஸ்டிக்கர் ஒட்டிவிட்டான். முப்பது வருஷத்தில் ஒரு துணி கருகாத கடை என்று சொல்லிக்கொள்கிறவரின் பிள்ளை.

"அப்ப அது உன் கை பட்ட இடம் இல்லியா?"

"என் கை ஏன் அங்க போவுது? அங்க வச்சா வால்யூமுல்ல குறையும், கோட்டிக்காரி."

சிரித்தேன். அவனும் சிரித்தான். சிரிப்பு தீர்ந்த பிறகு சும்மாதான் கேட்டான், "கொடைக்கு யாருட்டி வாசிக்கா?"

நீதானே என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் அதை ஏன் கேட்கிறான் என்று அப்போதுதான் உறைத்தது. அதற்காகத்தான் நாலு வெள்ளி கூப்பிடவில்லை.

"இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன் முப்பி. கொடைக்குன்னு நடுவுல லீவு தரமாட்டாங்க."

மார்ச் 23

மலையாளத்தில் 'தேச்சு' என்றால் ஆசை காட்டி ஏமாற்றிவிட்டான் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அது குலத்தொழில்.

மார்ச் 24

நேற்று எழுதியது நல்ல ஜோக்தான். ஏன் சிரிப்பு வரவில்லை?

இத்தனை மாசமா ஒரு தேப்புப்பெட்டிச் சூட்டு மேல கையை வச்சுக்கிட்டு அண்ணே அண்ணேன்னு இருந்திருக்கேன். தேப்புக் கடையில பொறந்து, சூடு எதுன்னு தெரியல எனக்கு. கிட்டாரைக் கட்டிலுக்கடியில தள்ளிட்டேன். இடப்பள்ளிக்காரன் வரட்டும். நல்லா இருக்கட்டும்.

ஏப்ரல் 3

இன்று கட்டிலுக்கடியில் மடிக்காத விரிப்பு மூட்டையைத் தேடிய அப்பா கிட்டாரை வெளியே இழுத்துவிட்டார். வெளிச்சத்தில் ஒரு விநாடிதான் பார்த்தார். மங்கிய இடத்தின் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினார்.

"காலரத் தேச்சானா, கையா?"

"காலருப்பா."

"பெட்டிய நிமித்தி வைக்கத் தெரியாத பய." கிட்டாரைச் சுவரில் சாய்த்தார். நகரவில்லை. "வர்றானா?"

"இல்லப்பா. ரெண்டு வருஷம் ஆகும்."

விரிப்பு மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார். வாசல் தாண்டியதும் அவர் சிரித்த மாதிரி கேட்டது. இருமலாகவும் இருக்கலாம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மத்தியானம் கோடை மழை. கொடியிலிருந்து பாய்ந்து எடுத்த விரிப்புகளையெல்லாம் கடைக்குள் குவித்துவிட்டு அந்தக் குவியல்மேல் ஏறி உட்கார்ந்தேன். கிட்டார் மடியில். ஆம்ப் இல்லை, பெல்ட் இல்லை. மழைச் சத்தத்தில் நான் வாசிப்பது எனக்கே கேட்கவில்லை. அதனால் தப்பும் கேட்கவில்லை. தெருவில் ஒரு ஆட்டோ தண்ணீரில் நின்றுபோக, டிரைவர் இறங்கி அதை எருமையைத் திட்டுவதுபோலத் திட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மழை விட்டபோது சத்தம் கேட்கத் தொடங்கியது. தப்பே இல்லை. யார் வாசிக்கிறார்கள்?

குனிந்து பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தால் ஓடிவிடுமோ? மெதுவாகப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே கை கிட்டாரின் மேல் விளிம்பில் சாய்ந்திருந்தது. அதன் கனத்தை மரம் வாங்கிக்கொண்டதால் மணிக்கட்டு நேராகக் கிடந்தது. உள்ளங்கையின் ஓரம் மட்டும் பிரிட்ஜில் பட்டும் படாமலும். சுண்டுவிரல் எதையும் பிடிக்காமல் சும்மா மடங்கியிருந்தது. மங்கிய இடம் நாலு விரற்கடை தள்ளி, வெறுமனே.

பல்லி இல்லை, பருந்து இல்லை, யானை இல்லை. என் கை.

அதற்குத்தான் அழுதேனா? தெரியவில்லை. விரிப்பில் துடைத்துக்கொண்டேன். எப்படியும் மறுபடி துவைக்க வேண்டியதுதான்.

ஏப்ரல் 8

உட்கார்ந்தால் வருகிறது, நின்றால் போய்விடுகிறது. பெல்ட்டுதான் காரணம். கிட்டார் முட்டிவரை தொங்கினால் கை எங்கே சாயும்? என் வயிற்று உயரத்துக்கு வர பெல்ட் ஐந்தாவது ஓட்டைக்கு ஏற வேண்டும். மூன்று ஓட்டை. அரை நிமிஷ வேலை. ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் மாட்டியதைக் கழற்றிவிட்டால் பிறகு எது அவனுடையது என்று யாருக்குத் தெரியும்?

துணிக்குக் குறி போடுகிற அழியா மை கடையில் இருக்கிறது. ஒவ்வொரு வாடிக்கை வீட்டுக்கும் ஒரு குறி. மூன்று புள்ளி என்றால் டாக்டர் வீடு, ஒரு சுழி என்றால் லாட்ஜ். நூறு வீட்டுத் துணி கலந்தாலும் அது அது அதன் வீட்டுக்குப் போய்விடும். இரண்டாவது ஓட்டைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் குறியைப் போடலாம் என்று மையைத் திறந்தேன்.

"அப்பா, நம்ம வீட்டுக் குறி எது?"

"நமக்கு எதுக்கு? நம்ம துணி எங்க போவப் போவுது?"

சொல்லிவிட்டுப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். என் கையிலிருந்த பெல்ட்டைப் பார்த்தார். எந்த ஓட்டை என்று நான் காட்டவேண்டியிருக்கவில்லை. குச்சியை வாங்கி மையில் தொட்டு, அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டார். யோசித்தார். அதன் தலையில் ஒரு புள்ளி.

"காயற வரைக்கும் தொடாத" என்றார்.

ஏப்ரல் 13

சஜி சேட்டன் முன்னால் நாலு பாட்டும் நின்று வாசித்தேன். சத்தம் போகவில்லை. அவன் போனை எடுத்து இடப்பள்ளிக்காரனைக் கூப்பிட்டு, "மோனே, வேண்டாடா" என்றான். பிறகு என்னிடம்: "பாண்டிக்கு இதறியுமோ?" அண்ணனுக்குத் தெரியுமா என்கிறான். நான் பேச்சை மாற்ற அவன் சாயாவில் உப்புப் போட்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கொடை முடிந்தது. வாசித்தேன். மூன்றாவது பாட்டில் கம்பியை மீட்டுகிற பிக் கைநழுவிக் கூட்டத்துக்குள் போய் விழுந்தது. நகத்தால் சமாளித்தேன். முன்வரிசையில் அம்மா, பின்வரிசையில் கரண்ட் கம்பத்தை ஒட்டி அப்பா.

வீடியோவை அண்ணனுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில்: "பெல்ட் ஏன்ட்டி மேல ஏறிருக்கு?"

"என் உயரத்துக்கு."

எழுதுகிறான் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. கடைசியில்: "என் ஓட்டை?"

குறியைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். யார் போட்டது என்று சொல்லவில்லை. அவனுக்கு அந்தக் கை தெரியும்.

மே 2, வெள்ளி

அண்ணன் கூப்பிட்டான். அம்மா பேசினாள், நான் பேசினேன். அப்பா கடையில் இருந்தார். சாயா கொடுக்கப் போனேன்.

தேய்த்து முடித்து ஆள் வந்து எடுக்கவேண்டிய துணிகளை அப்பா மேல் தட்டில் அடுக்கி வைப்பார். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு குத்தி, என்றைக்கு எடுக்கிறார்கள் என்று கிழமை எழுதியிருப்பார். டாக்டர் வீடு, சனி. லாட்ஜ், ஞாயிறு. அவற்றுக்குப் பக்கத்தில் தனியாக, காலர் கத்தி மாதிரி நிற்க, அண்ணனின் கறுப்புச் சட்டை.

காலரின் உள்பக்கப் பட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு கோடு, தலையில் ஒரு புள்ளி. சீட்டும் குத்தியிருந்தது. கிழமை எழுதும் இடம் காலியாக இருந்தது.

சட்டையை இருந்தபடியே வைத்தேன். சாயாவில் இன்று உப்புப் போடவில்லை.