யாரும் வாய் வைக்காத ஒன்று

அன்புள்ள அக்காவுக்கு,

ஊர் சுற்றினேன், புத்தகம் படித்தேன், படம் பார்த்தேன். "ஒரு வருஷமா அங்க என்னத்தடா கிழிச்ச?" என்று எழுதியிருந்தாயே, அதற்கு உண்மையான பதில் இதுதான். இந்த மூன்றும்தான் என் வேலை. சம்பளம், சாப்பாடு, தங்க ஓர் அறை, எல்லாம் உண்டு. "உன் வாய்க்கு எவனாவது சம்பளம் குடுத்தாத்தான் நீ உருப்படுவ" என்பாய். கொடுக்கிறார்கள். உருப்பட்டேனா என்பதை முழுக்கப் படித்துவிட்டு நீ சொல்.

அம்மா போய் ஒரு வருஷம் ஆன அன்றைக்குக்கூட வரவில்லையே, நீயெல்லாம் ஒரு பிள்ளையா என்றும் கேட்டிருந்தாய். அதற்கும் வருகிறேன். திட்டுவதைக் கொஞ்சம் ஒத்திப்போடு.

கல்லூரிக்கு முழுக்குப் போட்டுவிட்டுப் பாடப் புத்தகங்களை விற்கப் போனேன். அந்தப் பழைய புத்தகக் கடைக் கதவில்தான் அறிவிப்பு ஒட்டியிருந்தது. நன்றாகப் பேசத் தெரிந்த ஆள் தேவை, படிப்பு அவசியமில்லை. எனக்காகவே எழுதியது மாதிரி இருந்தது. விலாசம் தேடிப் போனால் ஒரு மாடி வீடு. கீழே ஒரு சமையல்காரர். மேலே சக்கர நாற்காலியில் வக்கீலம்மா. ஒரு காலத்தில் கோர்ட்டில் அவர் எழுந்து நின்றாலே சாட்சிக்கு வியர்க்குமாம். இப்போது காலும் போய், கண்ணும் மங்கி, அந்த ஒரே அறையில் கிடக்கிறார். அவருக்குப் பதிலாக நான் போக வேண்டும். அவர் சொல்கிற ஊரைப் பார்த்து, அவர் சொல்கிற புத்தகத்தைப் படித்து, புதிதாக வந்த படத்துக்குப் போய்விட்டு வந்து, மதியச் சாப்பாடு முடிந்ததும் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

போனைக் கீழே மேஜை இழுப்பறையில் வைத்துவிட வேண்டும். போட்டோ எடுக்கக் கூடாது, எதையும் குறித்து வைக்கக் கூடாது. முக்கியமாக, அவரிடம் சொல்வதற்கு முன்னால் வேறு யாரிடமும் சொல்லக் கூடாது. சரி, வயசானவர்களின் பிடிவாதம் என்று நினைத்தேன். உனக்கு நான் போன் பண்ணாததற்குப் பாதிக் காரணம் அந்த இழுப்பறை. மீதிப் பாதி, நீ.

அந்த அறையில் பயப்பட ஒன்றுமே கிடையாது. நல்ல வெளிச்சம். சட்டப் புத்தகங்கள் இருந்த அலமாரிகள் காலியாக, துடைத்துச் சுத்தமாக இருக்கும். மூடி போட்ட ஒரு டம்ளரில் வெந்நீர். அவர் கேள்வி கேட்கும் விதம்தான் விசேஷம். ஏதோ ஒரு பாலம் என்று ஆரம்பித்தால் கையை உயர்த்துவார். "ஏதோ வேண்டாம். நீ பார்த்த பாலத்தைச் சொல்லு." கைப்பிடியில் துரு இருந்ததா, அதைத் தொட்டபோது கையில் ஒட்டியதா, அந்தக் கையை எதில் துடைத்தாய் என்று கேட்டுக் கேட்டு, நான் பார்த்தேன் என்றே எனக்குத் தெரியாததையெல்லாம் வெளியே எடுத்துவிடுவார். ஒருமுறை மலை மேல் பெய்த மழையைச் சொன்னேன். அவருடைய சால்வை ஓரம் ஈரமாக இருந்தது. டம்ளர் கவிழ்ந்திருக்கும் என்று நினைத்தேன். மூடி போட்டபடியே இருந்தது.

நான் வாயைத் திறந்தாலே "போதும் நிறுத்து" என்பாய். அவர் "அப்புறம்?" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக நான் எத்தனை ஊருக்கு வேண்டுமானாலும் போயிருப்பேன் அக்கா. அதுதான் என் முட்டாள்தனம்.

முதலில் கவனித்தது நானில்லை, தெருமுனை சலூன்காரர். முடி வெட்டிக்கொண்டே, கடலுக்குப் போவதாகச் சொன்னாயே, எப்படி இருந்தது என்று கேட்டார். சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. போகும்போது பஸ் ஏறியது ஞாபகம் இருந்தது, திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியது ஞாபகம் இருந்தது. நடுவில் புதிதாக வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது. அறைக்கு வந்து ஷூவைத் தட்டினேன். மணல் கொட்டியது.

புத்தகமும் அப்படித்தான். புதிது என்று நினைத்து ஒரு துப்பறியும் நாவலைப் பிரிக்கிறேன், பக்க ஓரங்களில் என் பென்சில் கோடு. ஆரம்பத்தில் சிரிப்புத்தான் வந்தது. கொலைகாரன் யார் என்பது மறந்துபோவதைவிடத் துப்பறியும் கதை படிப்பவனுக்கு வேறென்ன வேண்டும்? அதே கதையைத் திரும்ப ரசித்துப் படித்தேன். பிறகுதான் புரிந்தது. வக்கீலம்மாவிடம் சொன்னது எல்லாம் போய்விடுகிறது. சொல்லாமல் விட்டது மட்டும் என்னிடம் மிஞ்சுகிறது.

ஆகவே என் ஒரு வருஷப் பயணத்தில் எனக்கென்று இருப்பது இவ்வளவுதான்: ஏதோ ஒரு படகுத்துறையில் காலில் கட்டுப் போட்ட ஒரு நாய். ஒரு பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் வாந்தி எடுத்துவிட்டு, என்னைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்த ஒரு குட்டிப் பெண். ஒரு தியேட்டரில் படம் முடிந்த பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்த ஒரு மனிதர். என்ன படம் என்று கேட்காதே. வக்கீலம்மா கேட்க மறந்ததுதான் என்னுடைய வருஷம்.

அப்போதே ஓடிவந்திருக்க வேண்டியதுதானே என்பாய். ஓடவில்லை. ஏனென்றால் எனக்கு ஒரு யோசனை வந்தது. அம்மாவின் ஆஸ்பத்திரி நாட்கள் நெஞ்சில் கல் மாதிரி கிடந்தன. எந்த ஊருக்குப் போனாலும் கூடவே வந்தன. ஒரு மதியம் அவர் கேட்காமலேயே அதைச் சொன்னேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். அவர் அன்றைக்கு "அப்புறம்" என்றுகூடச் சொல்லவில்லை, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். படியிறங்கும்போது உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. நன்றாகத் தூங்கினேன்.

ஆனால் ஒரு நூலை இழுத்தால் ஸ்வெட்டர் முழுக்கப் பிரிந்து வருமே, அப்படி ஆஸ்பத்திரியோடு அம்மாவும் வந்துவிட்டாள். எனக்கு ஓர் அம்மா இருந்தாள், இறந்துபோனாள் என்று தெரியும். பாடத்தில் படித்தது மாதிரி தெரியும். என் பர்ஸில் ஒரு பெண்ணின் போட்டோ இருக்கிறது. அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். நல்ல முகம். அந்தத் தேதி எனக்கு நினைவிருந்தது அக்கா. அன்றைக்கு எதற்காக அழ வேண்டும் என்றுதான் தெரியவில்லை. நான் வராததற்குக் காரணம் இதுதான். இப்போது திட்டு.

சமையல்காரர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அவரும் என்னைப் போலவே சொல்ல வந்தவர். ஊரெல்லாம் தீர்ந்துபோன பிறகு எதைச் சொன்னீர்கள் என்று கேட்டால், ஞாபகமில்லை தம்பி என்று வெங்காயத்தை நறுக்குவார். போன மாதம் ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். உன் வயசுதான் இருக்கும். கதவைத் திறந்தவரிடம், "அப்பா, நான்தான்ப்பா" என்றாள்.

அவர் மரியாதையாக உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "நீங்க வீடு மாறி வந்துட்டீங்கன்னு நினைக்கிறேம்மா. யாரைப் பாக்கணும்?"

அவள் தண்ணீரைத் தொடவில்லை. ரொம்ப நேரம் அவர் முகத்தையே பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அவர் அந்த டம்ளரைக் கழுவிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். "யாரோ, பாவம். ஆமா, என் கை எதுக்குத் தம்பி இப்படி நடுங்குது?"

அன்று மதியம் வக்கீலம்மா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார், அந்தப் பெண்ணுக்கு முதல் பல் விழுந்தபோது அதைத் தீப்பெட்டியில் போட்டுத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினாளாம். வீட்டில் வளர்ந்த குழந்தையைப் பற்றிச் சொல்வது மாதிரி சொன்னார். அவர் கெட்டவர் இல்லை அக்கா. பசி, அவ்வளவுதான்.

ஞாபகத்தைக் காப்பாற்ற ஒரு வழி எனக்குத் தற்செயலாகத் தெரியவந்தது. ஒரு படம் பார்த்துவிட்டு வரும் வழியில் சலூனில் உட்கார்ந்தேன். வாய் சும்மா இருக்குமா? முழுக் கதையையும் சொல்லிவிட்டேன். "வில்லன் செத்தானா இல்லையா, அத மட்டும் சொல்லு தம்பி, எனக்குக் கடை அடைக்கணும்" என்றார் மனிதர். பிறகு அதையே மாடியில் சொல்ல ஆரம்பித்தால், வக்கீலம்மா இரண்டாவது வாக்கியத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எச்சில் பண்ணிட்டு வந்திருக்க. எடுத்துட்டுப் போ." அந்தப் படம் இன்றைக்கும் எனக்கு முழுசாக ஞாபகம் இருக்கிறது. ரொம்ப மோசமான படம். வில்லன் சாகவில்லை.

அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. போன வாரம் அவருக்கு வெந்நீர் எடுத்துக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து ஒரு குரல் கூப்பிட்டது. வக்கீலம்மா குரல் இல்லை. ஏதோ ஒரு செல்லப் பெயர், நான் கேட்டதே இல்லை. நான் யோசிப்பதற்கு முன்னால் என் வாய் "இதோ வரேம்மா" என்றது. டம்ளர் கையிலிருந்து விழுந்து படிக்குப் படி உருண்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் அறையில் அவர் மட்டும்தான்.

"குரல் அடையாளம் தெரியுதா?" என்று கேட்டார், தன் குரலில்.

"இல்ல."

"கால் ஓடி வந்துச்சே."

எனக்கு மூக்கு, கண் எல்லாம் ஒழுகிக்கொண்டிருந்தது. எதற்கென்று தெரியவில்லை. அவர் தன் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "உன் அம்மாவை உனக்குத் திருப்பிச் சொல்றேன். முழுசா, ஒண்ணு விடாம. அதுக்குப் பதிலா உன் அக்காவைப் பத்தின ஞாபகத்துல ஒண்ணே ஒண்ணு சொல்லு. யாரும் வாய் வைக்காததா இருக்கணும்."

இன்று மதியம் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் காலையிலிருந்து உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னைப் பற்றி என்னிடம் இருப்பதையெல்லாம் முதலில் உன்னிடமே சொல்லிவிடுகிறேன். எச்சில் பண்ணிவிடுகிறேன். பொறுமையாகக் கேள்.

திரைச்சீலைக் கயிற்றை வைத்து எனக்கு ஷூ லேஸ் கட்டச் சொல்லிக்கொடுத்தாய். தப்பாகக் கட்டினால் தலையில் ஒரு குட்டு. நான் வாங்கிவரும் துப்பறியும் புத்தகத்தை எனக்கு முன்னால் படித்துவிட்டு, முதல் பக்கத்திலேயே கொலைகாரன் பெயரை மையில் எழுதி வைப்பாய். ரேடியோவோடு சேர்ந்து பாடுவாய். ரேடியோ ஒரு பக்கம், நீ ஒரு பக்கம் போவீர்கள். கார் ஓட்டும் பரீட்சையில் தோற்றுவிட்டு ஹேண்ட் பிரேக்கின் மேல் பழி போட்டாய். சோப்பைக் கடைசித் துண்டு வரை தேய்த்து, அதைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டவைப்பாய். எனக்குக் காய்ச்சல் வந்தால் தர்மாமீட்டரை நம்பாமல் உன் கன்னத்தை என் நெற்றியில் வைத்துப் பார்ப்பாய். பேய்ப் படம் பார்த்துவிட்டு வந்த அன்று உனக்குப் பயமே இல்லை என்று சொல்லிவிட்டு, குளியலறை வாசலில் என்னைக் காவல் வைத்தாய். உள்ளேயிருந்து "இருக்கியாடா, இருக்கியாடா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். ஆஸ்பத்திரியிலும் நீ கூட இருந்திருப்பாய். அது என்னிடம் இல்லை.

ஒன்றை மட்டும் எழுதவில்லை. முதல் வேலைக்கு நீ கிளம்பிப் போன அன்று பஸ் நிலையத்தில் நடந்தது. உனக்குத் தெரியும் எது என்று. என்னிடம் இருப்பதிலேயே நல்லது அதுதான், அதனால்தான் அதைக் கொடுக்கிறேன். மட்டமானதைக் கொண்டுபோனால் அவர் அம்மாவைக் கொடுக்க மாட்டார். அது போனால் பரவாயில்லை. நீயும் அங்கே இருந்தாயே. உன்னிடம் அது பத்திரமாக இருக்கும்.

பயம் அந்த ஸ்வெட்டரை நினைத்துத்தான். ஒரு நூலோடு நிற்குமா என்று தெரியவில்லை. எழுதியதெல்லாம் தப்பிக்கும் என்றுதான் நம்புகிறேன். நம்பிக்கைதான், பரீட்சை பண்ணிப் பார்க்கவில்லை.

இதைச் சலூன்காரரிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லப் போகிறேன். கூடவே உன் விலாசத்தை என் சட்டையின் உள்பக்கம் பேனாவால் எழுதியிருக்கிறேன். மாடியிலிருந்து இறங்கியதும் நேராகப் பஸ் பிடித்து உன்னிடம்தான் வருகிறேன். வந்து வாசலில் நின்று, ரொம்ப மரியாதையாக, "இது யார் வீடுங்க?" என்று கேட்டால் சிரிக்காதே. கதவைச் சாத்திவிடாதே. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடு. இந்தக் கடிதத்தை என் கையில் கொடுத்துப் படிக்கச் சொல். படித்து முடித்ததும் பஸ் நிலையத்தில் நடந்ததை நீ சொல்லு. எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லு. நான் "போதும் நிறுத்து" என்று சொல்ல மாட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும் அக்கா. அம்மா என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவாள் என்பதையும் ஒரு தாளில் எழுதி வை. வக்கீலம்மா சொல்வதோடு ஒத்துப்பார்க்க வேண்டும். அது ஒத்துப்போனால்

மேலே மணி அடிக்கிறார். சாப்பாடு முடிந்துவிட்டது போல. இதைச் சலூனில் கொடுத்துவிட்டு நான் போக வேண்டும்.

உன் தம்பி