கோவிச்சுக்கிட்டா எங்க போறது?

ஏங்க, பிளாஸ்க்ல காபி இருக்கு. கதவைத் தட்டிக் கை வலிச்சதுதான் மிச்சம். நான் கிளம்புறேன்.

மலைமேல நமக்குக் கட்டப்போற குட்டி வீட்டுக்குச் சுத்திலும் கண்ணாடின்னு நான் நேத்து சொன்னதும், "கோவிச்சுக்கிட்டா நான் எங்க போறது?"ன்னு கேட்டீங்க. நான் சிரிச்சிருக்கக் கூடாது. மனசு கேக்கல, காலையில நாலு தடவை அழிச்சு அழிச்சு வரைஞ்சேன்.

பத்து மணிக்குக் கண்ணாடிக்காரர் வருவார். பழைய வரைபடத்தைத் தூக்கிக் கொடுத்துடாதீங்க, மேஜை மேல இருக்கிற புதுசைக் கொடுங்க. அதுல ஒரு மூலையில செங்கல் சுவர் வச்சு, மரக்கதவு போட்டு, உங்களுக்குன்னு ஓர் அறை. தாழ்ப்பாள் உள்பக்கம். எவ்வளவு நேரம் வேணும்னாலும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உட்காருங்க.

வீட்டுச் சாவி செருப்பு ஸ்டாண்டு மேல.

இன்னொண்ணு. அந்தக் கதவுக்கு அடியில அரை விரல் இடைவெளி விட்டிருக்கேன். பூச்சி வரும்னு ஆரம்பிக்காதீங்க. இல்லேன்னா, இந்த மாதிரி சீட்டை அங்கேயும் நான் எப்படி உள்ள தள்ளுறது?