பத்துப் பேரோடு இறங்கினோம், மாரி

என் இடது பக்கத்துத் தம்பி மாரிமுத்துவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டாய். இருந்தாலும் கேட்கத்தான் வாய் வருகிறது. சனிக்கிழமை ஆனால் தாயில்பட்டி பெட்டிக்கடை ஒரு ரூபாய் போனிலிருந்து என் விருதுநகர் மிளகாய் வத்தல் கடைக்குக் கூப்பிட்டு, "பாய், நாளைக்கு நா டீம்ல இருக்கேனா?" என்று வம்பிழுப்பாயே. இன்னமும் சனிக்கிழமை போன் அடித்தால் வேறு யாரையும் எடுக்க விடுவதில்லை நான்.

உனக்குத் தெரியாததா? ஜெயிக்கிற டீமில் கை வைக்க மாட்டேன். நம் கால்பந்து டீமுக்கு மேனேஜரான நாளிலிருந்து அதுதான் என் சட்டம். காய்ச்சலில் கிடந்த உனக்கு மாத்திரையைக் கொடுத்து இறக்கினேன் என்று ஊரே என்னைத் திட்டியது. நீயும்தான் திட்டினாய், ஆனால் ஆடினாய். அதே பதினொரு பேர். விருதுநகரில் நம்மை ஒருத்தனும் அசைக்கவில்லை.

அப்புறம் பட்டாசு கம்பெனியில் நீ வேலை பார்த்த மருந்து ரூம் வெடித்தது. அதற்குப் பிறகு பயிற்சியில்கூட உன் இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை நான். மழையால் தள்ளிப்போன அரையிறுதி போன ஞாயிறுதான் நடந்தது. மாற்று ஆள் காசி பூட்ஸ் மாட்டிக்கொண்டு நின்றான். அவன் முகத்தையே பார்க்காமல் பத்துப் பேரை இறக்கினேன். பையன்கள் முணுமுணுத்தார்கள். "டீம மாத்தல, அம்புட்டுத்தாம்லே" என்றேன். பிடிவாதமா, பாசமா? எனக்கே விளங்கவில்லை.

அந்த ஆட்டத்தை நீ பார்த்தாயா? பையன்களுக்குப் பழக்கம் விடவில்லை. நீ ஓடுகிற இடது பக்கத்துக்கே பந்தைத் தள்ளினார்கள். வாங்க ஆளில்லாமல் அது உருண்டு கோட்டைத் தாண்டியது. எதிர் டீம்காரன்கூட முதல் பாதியில் அந்தப் பக்கம் வரத் தயங்கினான். நீ அங்கேதான் நிற்கிறாய் என்று நினைத்தேன், மாரி.

ஆட்டம் முடியப்போகிற நேரம். நமக்கு ஒரு கோல் கூடுதல். கீப்பர் பால்ராஜ் கையில் பந்து. கோட்டுக்கு வெளியே நின்று நான் கத்துகிறேன்: "மாரி, மேல ஏறு!" அவன் யோசிக்கவே இல்லை, இடது பக்கம் உருட்டிவிட்டான். அங்கே ஓடி வந்தவன் எதிராளி. சும்மா தட்டினான், கோல். ஆட்டம் சமனில் முடிந்தது.

விசில் அடித்ததும் பால்ராஜ் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நீங்கதான பாய் அவனக் கூப்பிட்டீக? கூப்பிட்டீகன்னுதான நா போட்டேன்!"



வருகிற ஞாயிறு மறு ஆட்டம். அதற்கும் பத்துப் பேர்தான் என்று நான் சொன்னது உன் மனைவி செல்வி காதுக்கு எட்டிவிட்டது. நேற்று கடைக்கே வந்துவிட்டாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவுக இடத்துல ஆள விடுங்கண்ணே."

"முடியாதும்மா. இடிஞ்ச ஷெட்டக் கட்டி முடிச்சதும் கம்பெனிக்காரன் மாரி இடத்துல ஆளப் போட்டுட்டானாமே. அவன மாதிரி நானும் செய்யணுமா?"

"போட்டாகதான். என்னையத்தான் போட்டுருக்காக." கையை விரித்துக் காட்டினாள். விரல் இடுக்கெல்லாம் வெள்ளி நிறப் பட்டாசு மருந்து. "பிள்ளைகளுக்குச் சோறு போடணுமில்ல? நானே அங்கன போயி உக்காந்துட்டேன். ஒங்க காசி மைதானத்துல நிக்கிறதுக்கு என்னண்ணே?"

கடைக்கு வந்தவர்கள் முன்னால் அழுதுவிட்டேன். செத்தவனுக்கு இடம் பிடித்து வைத்திருந்தேனே, உயிரோடு இருக்கிறவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒரு நாளாவது கேட்டேனா?

ஞாயிற்றுக்கிழமை காசி இறங்குகிறான். அவன் பேரைச் சொல்லியே கூப்பிடுவேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், கேள். என் சரக்குக் கிட்டங்கியில் வத்தலுக்குக் காம்பு கிள்ள வரச் சொல்லியிருக்கிறேன் செல்வியை. பஸ் தூரம் என்று யோசிக்கிறாள். எப்படியாவது சம்மதிக்க வைப்பேன். அவளை அந்த ஷெட்டிலிருந்து எழுப்பாமல் விட மாட்டேன், இது என் வாக்கு. ஆனால் மாரி, அவள் எழுந்த இடத்தில் மறுநாளே வேறொரு வீட்டுப் பிள்ளை வந்து உட்காருமே. அதற்கு நான் என்ன செய்ய?

உன் கூடப் பிறக்காத அண்ணன்,
காதர்